சுரங்கத்திலிருந்து வந்த ரைட் அவுட்

மான்செஸ்டர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனைக் கால்பந்துக் கிளப் ஒன்று ஒப்பந்தத்துக்கு அழைத்திருக்கிறது என்ற வரிகளை மகளுக்கும் மருமகனுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். விடியற்காலையில் அவனைச் சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப் போய், ஓரத்தில் காவல் உட்கார்ந்திருந்தாயே, அதெல்லாம் வீண்போகவில்லை. என் ஆசியை அவனிடம் சொல்.

இங்கே எல்லோரும் நலம். குளிரில் எனக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது, மாத்திரையில் ஓடுகிறது. நம் பழைய கோல்கீப்பர் காலமான செய்தியை உன் கடிதத்தில்தான் அறிந்தேன். இரண்டு நாள் மனம் எதிலும் ஒட்டவில்லை. அவன் மனைவிக்குத் தனியாக எழுதுகிறேன். நீ நேரில் போய் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எனக்கும் தெரிவி.

இனி நீ கேட்ட விஷயம். சம்பளத்தைப் பற்றி நாமாகப் பேச்சை எடுத்தால், பையனுக்கு ஆட்டத்தைவிடப் பணம்தான் பெரிது என்று கிளப்காரர்கள் நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறாய். கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடட்டும் என்று விட்டுவிடலாமா என்கிறாய். விடக் கூடாது, செல்வம். ஏன் என்று சொல்ல, நூறு வருடங்களுக்கு முன்பு இந்த ஊரில் ஆடிய ஒருவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பில்லி மெரிடித் என்று பெயர். உன்னைப் போலவே ரைட் அவுட், வலது ஓரத்து முன்னணி ஆட்டக்காரர். 1874 ஜூலை 30 அன்று வட வேல்ஸில், சர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிளாக் பார்க் என்கிற சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். பாதாள இருட்டில் கரித்தொட்டிகளை இழுத்துப் போகும் மட்டக்குதிரைகளோடு வேலை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தவர் டி.இ. தாமஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். அவரிடம் கற்று வேல்ஸ் அணிவரை போனவர்கள் பலர். ஒரு வாத்தியார் மனது வைத்தால் ஒரு சின்ன ஊரே பந்தாட்டக்காரர்களின் ஊராகிவிடும் என்பதை நாமும் கண்டிருக்கிறோம்.

காசுக்குக் கால்பந்து ஆடுவதை இங்கிலாந்தில் 1885 இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு ஒன்பது வருடங்கள் கழித்து, 1894 இல், அப்போதுதான் பெயர் மாறியிருந்த மான்செஸ்டர் சிட்டி கிளப் மெரிடித்தைத் தேடி வந்தது. அவருடைய தாய்க்குத் துளியும் இஷ்டமில்லை. பெரிய நகரத்திலிருந்து வந்து கிராமத்துப் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போகிறீர்களே என்று வந்தவர்களை முகத்துக்கு நேராகவே கேட்டாராம். மகனும் எடுத்த எடுப்பில் சுரங்கத்தை விட்டுவிடவில்லை. முதலில் சம்பளமில்லாத ஆட்டக்காரராகத்தான் பதிந்தார். 1895 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகும் கொஞ்ச காலம் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வாரமெல்லாம் மண்ணுக்கடியில், சனிக்கிழமை ரயிலேறி வந்து ஆட்டம், திரும்பவும் சுரங்கம். கையிலிருந்த கூலியை நம்பியது போல அவர் பந்தை நம்பவில்லை. ஒரு காலில் அடிபட்டால் பந்தாட்டச் சம்பளம் நின்றுபோகும் என்று அந்த வயதிலேயே தெரிந்தவர்.

ஆட்டம் எப்படி என்றால், மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே ஓட்டம். ஒல்லியான உடம்பு, கொஞ்சம் வளைந்த கால்கள், வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. முதலில் புகையிலைதான் மென்றுகொண்டிருந்தாராம். எச்சில் கறைபடிந்த ஜெர்சியைத் துவைக்க மாட்டோம் என்று வேலையாட்கள் மறுத்ததால் பல்குச்சிக்கு மாறினார் என்று இங்கே கதையாகச் சொல்வார்கள். எதிரணி பேக், அதாவது தடுப்பாட்டக்காரன், காலை நீட்டும்வரை பொறுத்திருந்து, அவன் நீட்டிய கணத்தில் தாண்டிவிடுவார். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கோல் வாசலுக்குப் பந்தைத் தூக்குவார். வலப்பக்கத்தில் பந்து அவர் காலுக்கு வந்தாலே கூட்டம் எழுந்துவிடும். பின்குதிகாலால் பந்தைத் தட்டிவிடுவதிலும் கெட்டிக்காரர்.

1904 ஏப்ரல் 23. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். இங்கிலாந்தில் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்.ஏ. நடத்தும் கோப்பையின் இறுதியாட்டத்தில் போல்டனை 1-0 என்று சிட்டி வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் மெரிடித். அணித் தலைவரும் அவரே. மான்செஸ்டர் ஊருக்கே அதுதான் முதல் எஃப்.ஏ. கோப்பை. அன்று மைதான வாசலில் எவ்வளவு வசூலானாலும், ஆடியவருக்கு விதிப்படி வாரத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. 1901 இல் எஃப்.ஏ. கொண்டுவந்த உச்சவரம்பு அது. சுரங்கக் கூலியோடு ஒப்பிட்டால் நான்கு பவுண்டு நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிளப்பின் வசூலுக்கு வரம்பு இல்லை. ஆட்டக்காரனுக்கு மட்டும் வரம்பு. இன்னொரு விதியும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விடுவித்தால்தான் வேறு கிளப்புக்குப் போகலாம். சம்பளம் தராமலே ஒருவனைக் கட்டிவைக்க முடியும். இந்த இரண்டு விதிகளையும் முதன்முதலில் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அடுத்த வருடம் விழுந்தார். 1905 ஏப்ரலில் சீசனின் கடைசி ஆட்டம், ஆஸ்டன் வில்லாவோடு. லீக் பட்டத்துக்கு வாய்ப்பிருந்த சிட்டி 3-2 என்று தோற்றது. வில்லா அணித் தலைவர் அலெக்ஸ் லீக் என்பவருக்கு மெரிடித் பத்துப் பவுண்டு கொடுக்க முன்வந்தார் என்று விசாரணை நடந்தது. எஃப்.ஏ. அவரை நீண்ட காலம் ஆடவிடாமல் தடைசெய்தது. முதலில் மறுத்தவர், பின்னால் தன் மேலாளர் டாம் மேலி சொல்லித்தான் அப்படிச் செய்ததாகக் கூறினார். யார் சொல்லியிருந்தாலும் அது தப்பு. அதில் அவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் தடைக்காலத்தில் சம்பளமில்லாமல் கிளப் வாசலில் வந்து நின்றவரைச் சிட்டி கைவிட்டது. அவரும் வாயைத் திறந்துவிட்டார். வரம்புக்கு மேல் கிளப் ரகசியமாகப் பணம் கொடுத்துவந்த விவரம் அம்பலமானது. 1906 இல் மேலியைக் காலவரையின்றி விலக்கினார்கள். பதினேழு ஆட்டக்காரர்களுக்குத் தடை. இங்கே குவீன்ஸ் ஹோட்டலில் வைத்து அந்த ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். ஆம், ஏலம்தான். இதே ஊரின் இன்னொரு கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் எர்னஸ்ட் மாங்னல் முந்திக்கொண்டு மெரிடித்தோடு சாண்டி டர்ன்புல், பர்ஜெஸ், பானிஸ்டர் என்று நால்வரைச் சேர்த்துக்கொண்டார்.

தடை முடிந்த 1907 ஜனவரி 1 அன்று அதே ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம் அமைந்தது. மெரிடித் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கினார், டர்ன்புல் கோல் போட்டார், யுனைடெட் 1-0. (அந்த டர்ன்புல் பத்து வருடங்கள் கழித்து, 1917 மே மாதம், பிரான்ஸில் அராஸ் போர்முனையில் இறந்துபோனார். அவரைப் பற்றியே ஒரு தனிக் கடிதம் எழுதலாம்.) அடுத்த சீசனில் யுனைடெட் முதல்முறையாக லீக் பட்டம் வென்றது, 1909 இல் எஃப்.ஏ. கோப்பை, 1911 இல் மறுபடி லீக். இன்று உலகமே அறிந்த கிளப்புக்கு அடித்தளம் போட்டது, சிட்டி கைவிட்ட ஆட்கள்.

ஆனால் கோப்பைகளுக்காக இதை எழுதவில்லை. 1907 ஏப்ரலில் யுனைடெட் ரிசர்வ் அணி ஆட்டம் ஒன்றில் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற பேக் பந்தைத் தலையால் முட்டிவிட்டுச் சரிந்து விழுந்தான். சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. இருபத்தைந்து வயது. இயற்கை மரணம் என்று முடிவு எழுதினார்கள். குடும்பத்துக்கு நஷ்டஈடு இல்லை. மற்றத் தொழிலாளிகள் பலருக்கு, வேலையில் இறந்தால் கேட்க ஒரு சட்டமும் ஒரு சங்கமும் இருந்த நாட்டில், பந்தாட்டக்காரனுக்கு ஒன்றுமில்லை. அந்த வருடம் டிசம்பர் 2 அன்று மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். கூட்டத்துக்குத் தலைமை மெரிடித். கூட நின்றவர் யுனைடெட் அணித் தலைவர் சார்லி ராபர்ட்ஸ்.

மெரிடித் அந்நாட்களில் கேட்ட கேள்வி ரொம்ப எளிது. எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியாத தொழில் என்னுடையது. வாரம் ஏழு பவுண்டு சம்பாதிக்க எனக்குத் திறமை இருக்கும்போது அதை வாங்கவிடாமல் ஏன் தடுக்கிறீர்கள்? அவ்வளவுதான். இதைக் கேட்டவருக்கு ஆட்டத்தின் மேல் பிரியம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? 1895 முதல் 1920 வரை வேல்ஸுக்காக 48 ஆட்டங்கள் ஆடியவர். கிளப் விடுவிக்காததால் போக முடியாமல் போன அழைப்புகள் வேறு. இங்கிலாந்தை ஒருமுறையாவது வெல்ல வேண்டும் என்று கால் நூற்றாண்டு காத்திருந்தார். 1920 மார்ச்சில், தன் நாற்பத்தைந்தாவது வயதில், கடைசி ஆட்டத்தில் லண்டன் ஹைபரியில் 2-1 என்று அது நடந்தது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதாராம்.

1909 கோடையில் எஃப்.ஏ. மிரட்டியது: சங்கத்தை விடு, இல்லையேல் ஆட முடியாது. மற்றக் கிளப்புகளில் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். யுனைடெட்காரர்கள் அசையவில்லை. சம்பளம் நின்றது, பயிற்சிக்கு இடம் இல்லை. ஃபாலோஃபீல்டு என்ற இடத்தில் வேறு மைதானத்தில் தாங்களாகப் பயிற்சி செய்தார்கள். அங்கே எடுத்த புகைப்படம் ஒன்றின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு பலகையில் 'ஒதுக்கப்பட்டோர் கால்பந்து கிளப், 1909' என்று எழுதிப் பிடித்திருக்கிறார்கள். பலகை ராபர்ட்ஸின் யோசனை. பின்வரிசையில் மெரிடித்தைத் தேடிப் பார். எவர்ட்டனிலிருந்து டிம் கோல்மன் ஒருவர் மட்டும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் முகத்தையும் பார்த்துக்கொள். வேலை போனவர்கள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தைப் பேரனுக்குக் காட்டு.

சீசன் தொடங்கும் சமயத்தில் எஃப்.ஏ. இறங்கிவந்து சங்கத்தை ஏற்றது. ஆனால் மற்றத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பில் சேர விடவில்லை. சம்பள வரம்பும் போகவில்லை. பாதி வெற்றிதான். மெரிடித்தோ அதற்குப் பிறகும் பதினைந்து வருடம் ஆடினார். முதல் உலகப்போருக்குப் பிறகு சிட்டிக்கே திரும்பி, 1924 இல், ஐம்பது வயதை எட்டச் சில மாதங்களே இருக்கும்போது எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஆடினார். நியூகாசிலிடம் தோற்றார்கள். நீயும் நானும் அந்த வயதில் மாடிப்படி ஏறவே யோசித்தோம்.

அவர் விளையாட்டுப் பொருள் கடை வைத்து நொடித்துப்போனதும், பின்னால் மதுக்கடை நடத்திப் பிழைத்ததும் எனக்கு மனத்தாங்கல். ஒரு மகளைச் சிட்டி ஆட்டக்காரர் சார்லி பிரிங்கிளுக்குக் கட்டிக்கொடுத்தார் என்பது ஆறுதலான செய்தி. 1958 ஏப்ரலில், எண்பத்துமூன்று வயதில் காலமானார். மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் இளைஞர்கள் மாண்டு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. ஊர் அழுது ஓய்ந்திருந்த நேரம். புதைத்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது. 2001 இல்தான் இரண்டு கிளப்புகளும் வேல்ஸ் கால்பந்து அமைப்பும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து கல் நட்டன. நான் அங்கே போயிருந்தேன். யுனைடெட்டின் புகழ்பெற்ற மேலாளர் மாட் பஸ்பியும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

சம்பள வரம்பு ஒழிந்தது 1961 இல், மெரிடித் போய் மூன்று வருடங்கள் கழித்து. கிளப் ஆளைக் கட்டிவைக்கும் விதியை 1963 இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் நியாயமற்றது என்றது. மெரிடித் தொடங்கிவைத்த சங்கம் இன்றும் இதே ஊரில் நடக்கிறது.

ஆகவே செல்வம், கையெழுத்துக்கு அவசரப்படாதே. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. மாதச் சம்பளம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதே. காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, படுக்கையில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, காப்பீடு யார் பெயரில், இடையில் வேறு கிளப் கூப்பிட்டால் விடுவிப்பார்களா, எந்தத் தொகைக்கு, தங்குமிடமும் படிப்பும் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா பார். வாய்ப்பேச்சில் சொன்னதை எழுதித் தரச் சொல். என் மருமகனின் தம்பி சென்னையில் வக்கீலாக இருக்கிறார்; அவரிடம் பேசிவிட்டேன், கட்டணம் வேண்டாம் என்கிறார். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பேரனையும் கூட உட்கார வை. தன் சம்பளத்தைத் தானே கேட்டுப் பழகட்டும்.

நான் மார்ச் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் அவன் கிளம்பிவிட்டால், ஆடும் ஊருக்கே இருவரும் ரயிலேறிப் போய்ப் பார்ப்போம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள,
ராஜு