லீராய் ஷீல்ட் பெயரைப் போடுங்கள், ஐயா

பழைய லாரல் ஹார்டி படங்களை மெருகேற்றித் திரும்ப வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் செயலியில் புதிய பதிப்பைப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கீறல் நீக்கியவர் இருக்கிறார், ஒலியைச் சுத்தம் செய்தவர் இருக்கிறார், சட்ட ஆலோசகர்கூட இருக்கிறார். அப்படிச் சுத்தம் செய்த ஒலியில் படம் முழுக்க ஓடும் இசையை எழுதிய லீராய் ஷீல்ட் மட்டும் இல்லை.

1930களில் இந்தப் படங்களைத் தயாரித்த ஹால் ரோச் ஸ்டூடியோவே அவர் பெயரைப் பெரும்பாலும் திரையில் போடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் எழுதிய சின்னச் சின்னத் துண்டுகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு படத்துக்குப் படம் வெட்டி ஒட்டினார்கள். ஹார்டி தலைகுப்புற விழுவார், சாமான்கள் உருளும், அந்த இசை பாட்டுக்கு எதுவும் நடக்காததுபோல் சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் சிரிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

1990களில் போ ஹங்க்ஸ் என்ற டச்சுக் குழு அதை மறுபடி வாசிக்க நினைத்தபோது கையில் இசைக்குறிப்பே இல்லை. படத்தின் ஒலியைக் காதால் கேட்டுக் கேட்டே எழுதினார்கள். ஓர் இடத்தில் மெட்டின் மேல் வசனம் ஏறிக்கொள்ளும். அதே துண்டு வரும் வேறு படத்தைத் தேடிப் போனால் அங்கே ஏதாவது உடைந்து சத்தம் மறைத்துவிடும். இங்கே நாலு சுரம், அங்கே நாலு சுரம் என்று பொறுக்கிச் சேர்த்தார்கள். அந்நியர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள், உங்களுக்கு ஒரு வரி தட்டச்சு செய்ய முடியவில்லை.

இதே படங்களுக்கு இசையமைத்த இன்னொருவரான மார்வின் ஹாட்லியாவது 1937இல் வந்த 'வே அவுட் வெஸ்ட்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். படத் தொடக்கத்தில் வரும் அவருடைய குக்கூ மெட்டுதான் லாரல், ஹார்டி இருவருக்கும் முகவரி. அதற்கு நீங்கள் செய்திருக்கும் மரியாதை, மெட்டு தொடங்கிய உடனே 'அறிமுகத்தைத் தவிர்' என்று ஒரு பட்டன். கடைசியில் பெயர்கள் ஓடும்போதோ திரையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அடுத்த படத்தை ஓட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தானே?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பதிப்பில் 'இசை: லீராய் ஷீல்ட்' என்று தயவுசெய்து போடுங்கள். சட்ட ஆலோசகர் பெயருக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பட்டனை அழுத்தாமல் பார்க்கும் ஒரு ரசிகன்