வியன்னா காப்பகத்தில் உதவிய அம்மையாருக்கு நன்றி

பழைய கணக்கிடும் இயந்திரங்கள் மேல் எனக்குப் பைத்தியம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் அவற்றைத் தயாரிக்கும் தொழிலை நடத்திய யூதர் சாமுவேல் ஹெர்ஸ்டார்க் காலத்துப் படங்களைத் தேடி அங்கே ஒரு காப்பகத்துக்குப் போனேன். வாசிப்பறையில் இருந்த அம்மையார் நான் கேட்காத பெட்டியையும் சேர்த்தே கொண்டுவந்து வைத்தார். "கடையை மட்டும் பார்த்தால் எப்படி? அந்தச் சமூகம் வாழ்ந்த தெருவையும் பாருங்கள்."

வியன்னாவில் யூதர்கள் அதிகம் வாழ்ந்த லியோபோல்ட்ஸ்டாட் பகுதிப் படங்கள். 1858-இல் திறந்து, 1938 நவம்பரில் நாஜிகளால் கொளுத்தப்பட்ட பெரிய யூதத் தொழுகைக்கூடம், அதன் வாசலில் தொப்பி அணிந்த ஆண்கள். அப்புறம் ஓர் அலுவலகப் படம்: இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும் பெண்ணின் விரல்கள் மட்டும் கலங்கியிருந்தன. பின்பக்கத்துப் பழைய ஜெர்மன் கையெழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்துக் காட்டினார். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் இவ்வளவு செய்ய வேண்டியதே இல்லை.

சாமுவேலின் மகன் கர்ட், நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கைதியாக இருந்தபோது வரைந்த வடிவமைப்புதான் கையில் அடங்கும் 'குர்ட்டா' என்ற கணக்கிடும் இயந்திரமாக 1948 முதல் லிக்டன்ஸ்டைனில் தயாரானது. அதையும் அவரே பேச்சுவாக்கில் எடுத்துச் சொன்னார்.

அவர் பெயரைக் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கப் போய்விட்டார். அம்மா, மிக்க நன்றி.