லத்தீன் வேற்றுமைகள் குறித்து மகளுக்கு

அன்பு மகளே,

லத்தீன் வேற்றுமைப் பட்டியல்களை மனனம் செய்த பிறகும் வாசகங்களின் பொருள் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கிலமாக்கிவிட்டுப் பிறகு பொருள் தேடுவதே இதற்குக் காரணம் என எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் நிற்கும் இடமே எழுவாயைக் காட்டுகிறது. லத்தீனிலோ, தமிழைப் போலவே, சொல்லின் ஈறு காட்டுகிறது. ‘கைசர் பொம்பேயும் வீகித்’ (சீசர் பொம்பேயை வென்றார்) என்பதைப் ‘பொம்பேயும் கைசர் வீகித்’ என்று மாற்றினாலும் வென்றவர் சீசரே; ‘பொம்பேயைச் சீசர் வென்றார்’ என்று நாம் தயங்காமல் சொல்வதில்லையா? ‘மிஹி பிளகெத்’ என்பதும் அப்படியே ‘எனக்குப் பிடிக்கிறது’தான், நான்காம் வேற்றுமை இரு மொழியிலும் ஒரே வேலையைச் செய்கிறது.

நீ உண்மையில் உழைக்க வேண்டிய இடம் அப்லேட்டிவ் என்னும் வேற்றுமை. லத்தீனுக்கு முந்தைய பழைய மொழியில் தனித்தனியாக இருந்த மூன்று வேற்றுமைகள், அதாவது நீங்கலும் கருவியும் இடமும், லத்தீனில் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆகவே, நாம் ஆல், ஓடு, இருந்து, இல் என்று பிரித்துச் சொல்பவை எல்லாம் அங்கே ஒரே வேற்றுமைக்குள் அடங்குகின்றன: ‘கிளாதியோ’ வாளால், ‘கும் அமீகோ’ நண்பனோடு, ‘எக்ஸ் ஊர்பே’ நகரத்திலிருந்து, ‘இன் ஊர்பே’ நகரத்தில். இதே ‘இன்’ அக்கூசட்டிவோடு (நம் இரண்டாம் வேற்றுமை போன்றது) சேர்ந்து ‘இன் ஊர்பெம்’ என வந்தால் நகரத்துக்குள் செல்வதைக் குறிக்கும். ஆகவே முன்னிடைச் சொல்லை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ளாதே. ஈற்றையும் சேர்த்துப் பார். பழைய இடவேற்றுமை ‘ரோமை’ (ரோமில்), ‘தோமி’ (வீட்டில்) போன்ற சில சொற்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘சிறுமியை’, ‘சிறுமிகளை’ இரண்டிலும் ‘ஐ’ தனியே தெரிகிறது. லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கரைந்திருப்பதால் ‘புவெல்லை’ என்பது சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள் என்று மூன்றாகவும் இருக்கக்கூடும். எனவே முதலில் வினைமுற்றைத் தேடு; அது பன்மையானால் ‘புவெல்லை’ எழுவாயாக இருக்கலாம், ஒருமையானால் எழுவாயை வேறு இடத்தில் தேட வேண்டும். மேலும், ஒரு சொல்லைக் கற்கும்போதே அதன் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் கற்றுக்கொள். ‘ரேக்ஸ்’ (rex, அரசன்) என்பதில் தெரியாத ‘ரேக்’ (reg) என்னும் அடி, ‘ரேகிஸ்’ (regis) என்பதில்தான் வெளிப்படுகிறது.

வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவர் லத்தீன் வழியே தமிழ் வேற்றுமையை விளக்கினார். நீ தமிழ் வழியே லத்தீனுக்குப் போ. அடுத்த பயிற்சி வாசகத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மேலும் அதற்குரிய தமிழ் உருபை எழுதி எனக்கு அனுப்பு. அப்லேட்டிவ் வரும் இடங்களை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா