வள்ளத்தை இப்ப விக்காதிய

தாராவி, மும்பை
பங்குனி 12

அன்புள்ள அப்பாவுக்கு, இயேசுவுக்கே புகழ்.

நீங்க சொல்லச் சொல்ல தங்கச்சி எழுதின கடுதாசி கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுவாரமே வந்துட்டு. மூணு மாசமா தலையணைக்கு அடியிலதான் கிடக்கு. போன்ல பேசலாம்தான். ஆனா "ம்... சரி, அம்மாட்ட குடுக்கேன்"ங்கிறதத் தாண்டி என்னைக்கு நீங்க பேசியிருக்கிய? அதான் எழுதுதேன். அம்மா தவசு காலம் முழுக்க ஒருசந்தி நோன்பு இருக்காளாமே, ராத்திரியாவது வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்க.

எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. சசூன் டாக்ல ஐஸ் கணக்கு எழுதுதேன். 1875-ல கட்டின துறை, இப்ப மீன் இறக்குற இடம். நம்ம தூத்துக்குடி திரேஸ்புரத்த நாலு மடங்கு ஆக்கினாப்ல கூட்டம். விடியுமுன்ன ஏலம் தொடங்கிரும். ஐஸ் அள்ளி அள்ளி உள்ளங்கை வெடிச்சிருக்கு, தேங்கா எண்ணெய் போட்டா சரியாயிரும். ரெண்டு மாசமா பணம் அனுப்பல, சேத்து மொத்தமா அனுப்பலாம்னுதான். வேற ஒண்ணும் இல்ல.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. பொம்பில்னு ஒரு மீன், கையில எடுத்தா கொழகொழன்னு வழுக்கும். கல்லை ஏத்தி வச்சுத் தண்ணியப் பிழிஞ்சு, ரவையில பொரட்டிப் பொரிக்காங்க. ஊரே கொண்டாடுது. என்னையக் கேட்டா அது மீனே இல்ல.

எதிர்வீட்டுப் பெரியவரப் பத்திச் சொல்லணும். கோலி ஆளு, இங்கத்த பூர்வீக மீனவர், எழுபது வயசு. சித்தப்பாவ இங்க காகாங்காங்க, நானும் அப்படித்தான் கூப்பிடுதேன். அம்மா கேட்டா சிரிப்பா. அவருக்கும் கடலுக்கும் நடுவுல இப்ப ரயில் தண்டவாளமும் ரோடும் கிடக்கு. ஆனாலும் தினம் வீட்டுக் கதவுல சாக்குக்கட்டியால ஓத நேரம் எழுதி வைப்பாரு. பர்தின்னா நம்ம வெள்ளம், கடல் தண்ணி ஏறுறது. ஓஹோட்டின்னா வத்து, இறங்குறது. நடுராத்திரி மூணு மணிக்குக் கதவத் தட்டி "பர்தி ஏறுது"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவாரு. தெருவுல யாருக்கும் அதனால ஒரு பிரயோசனமும் கிடையாது.

ஓதம்னா இங்கதான் ஓதம், அப்பா. அமாவாசை பௌர்ணமிக்கு நாலு மீட்டர் கிட்ட ஏறி இறங்குது. நம்ம கரையில ஒரு மீட்டர் ஏறினாலே பெரிசு. வத்துல போட்டெல்லாம் சேத்துல சாஞ்சு கிடக்கும். டோல்னு பை மாதிரி ஒரு வலை, அதக் கடல்ல கம்பம் நட்டுக் கட்டிட்டு வந்துருதாங்க. வாய் அகலமா இருக்கும், வால்ல கண்ணி விரல் நுழையாது. நீவாடே, கடல் ஓட்டமே மீனக் கொண்டாந்து உள்ள தள்ளும். மீனத் தேடிப் போற நம்ம ஆளுக கண்டா சோம்பேறித்தனம்பாங்க.

போன ஞாயித்துக்கிழமை காகா என்னைய மாகிமுக்குக் கூட்டிட்டுப் போனாரு, அவரு தங்கச்சி மகன் படகுல. தண்ணி டீ மாதிரி இருக்கு, நாத்தம் வேற. ஆனா பங்குனி வெயில் அங்கயும் பங்குனி வெயில்தான். வெள்ளம் நின்னு வத்து தொடங்குற நேரம் கண்டல் மர வேருக்குள்ள ஒதுங்கின இறாலெல்லாம் தண்ணியோட வெளிய வரும். அதத் திங்க ஓரத்துலயே காத்துக் கிடக்கும் கொடுவா. இங்க அதுக்கு ஜிதாடான்னு பேரு. உயிர் இறாலக் கோத்துப் போட்டேன். பத்து நிமிஷம் ஆகல, ஒரே இழுப்பு. தங்கூசிய, இந்தத் தூண்டில் நரம்ப, விரல்ல சுத்தாதலேன்னு நீங்க எத்தன தடவ சொல்லியிருப்பிய! சுத்தியிருந்தேன். விரல அறுத்துட்டு. மேல வந்து ஒரு தடவ தலைய உதறுச்சு, செவுள் மூடி பிளேடுல்லா, தங்கூசிய வெட்டிட்டுப் போயிட்டு. காகா விழுந்து விழுந்து சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் என்னமோ, படகு முன்பக்கம் அணியத்துல அப்படியே உக்காந்துட்டேன். திரும்பிப் பாத்தா பின்தலையில நீங்க பீடி பத்த வச்சுக்கிட்டு இருக்க மாதிரியே இருந்துச்சு. காகா தண்ணி குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல.

அது கிடக்கட்டும். தம்பி வள்ளத்த விக்கணும்னு நிக்கானாமே? இப்ப விக்காதிய. ஏப்ரல் 15 வந்தா விசைப்படகு அத்தனையும் 61 நாளைக்குக் கரையில கட்டிக் கிடக்கும். அப்ப நாட்டுப்படகு மீனுக்குத்தான விலை. சீலாவோ பாரையோ நாலு பாடு ஒழுங்காப் பட்டா ஏலக்காரர்ட்ட வாங்கின முன்பணத்துல பாதியாவது அடைஞ்சிரும். என்ஜின தம்பி தனியாக் குடுத்துராம பாத்துக்கோங்க, அவன் லாஞ்சுல, விசைப்படகுல கூலிக்குப் போற யோசனையில இருக்கான்னு மைனி சொன்னா. தங்கச்சி கல்யாணப் பேச்ச ஆடி கழியட்டும்னு மாமாட்ட சொல்லிருங்க.

இங்க ஜூன் 1-லருந்து தடை. ரெண்டு மாசம் டாக்ல எனக்கு வேலை இருக்காது. ஊருக்கு வாறேன். பரண்ல என் தூண்டில் பெட்டி இருக்கு, அதத் தம்பி எடுக்க வேண்டாம். முள்ளு துருப்பிடிச்சிருந்தா நானே வந்து மாத்திக்கிடுதேன்.

உங்க மகன்