கட்டுரையை விலைக்கு வாங்க வேண்டாம், நாமே எழுதலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு வியாபாரிகள் இணையத்தில் கட்டுரை எழுதிப் பகிர்ந்து வியாபாரத்தை வளர்ப்பது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். யோசனை நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் எழுத நேரமில்லாதவர்கள் கட்டுரை எழுதித் தரும் ஏஜென்சியிடம் மாதப் பேக்கேஜ் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்ததே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் உடன்குடிப் பக்கம் பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறவன். எங்கள் ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தப் பேக்கேஜ்காரர்கள் எங்கள் பக்கமும் வர ஆரம்பித்துவிட்டார்கள். மாதம் இத்தனை கட்டுரை, நூறு தளங்களில் ஏற்றுவோம், பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற இணைப்பு) குவியும், கூகுளில் முதல் பக்கம் என்று ஒரே பாட்டு. சரி, ஒரு மாதிரி அனுப்புங்கள் என்றேன். 'கருப்பட்டியின் பத்து நன்மைகள்' என்று ஒன்று வந்தது. யாரோ வெல்ல வியாபாரிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், நடுவில் ஓரிடத்தில் கரும்புச்சாறு அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது! இதைப் படிக்கிற பனையேறி என்னிடம் சரக்குக் கொடுப்பாரா, சொல்லுங்கள்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை, இதில் பண நஷ்டமும் இருக்கிறது. ஒரே கட்டுரையை லேசாக மாற்றி மாற்றி நூறு இடத்தில் போடும் வித்தை பதினைந்து வருடத்துக்கு முன்னால் எடுபட்டது. 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படிப்பட்ட கட்டுரைக் கிடங்குகளைக் கீழே தள்ளியது. 2024 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, ஆள் எழுதினாலும் சரி, மென்பொருள் எழுதினாலும் சரி, ஸ்பாம் (குப்பை) கணக்கில் சேர்ப்போம் என்று விதியே போட்டுவிட்டது. ஆக, காசும் கொடுத்து நம் தளத்துக்கு நாமே கெட்ட பெயர் வாங்கித் தருகிறோம்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது என்பார்கள். என்னைக் கேட்டால், போனில் வாடிக்கையாளர் கேட்பதை எழுதினாலே போதும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி ஒரே புகார்தான்: கருப்பட்டி இளகிவிட்டதே, சீனி கலந்து ஏமாற்றிவிட்டீர்களா? கருப்பட்டி காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் இளகுவது அதன் குணம். அதனால்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைத்திருந்தார்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு புகைக்கு எங்கே போவது, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஈரக் கை படாமல் எடுக்க வேண்டியதுதான். இவ்வளவையும் ஒரு கட்டுரையாக எழுதி, 'கருப்பட்டி ஏன் இளகுகிறது?' என்று வாடிக்கையாளர் கேட்கிற மாதிரியே தலைப்பு வைத்து, இளகின கருப்பட்டியின் படத்தையும் மறைக்காமல் போட்டேன். கூடவே, கலப்படம் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் விலையில் பேரம் பேசுவது குறைவு, திரும்பவும் வாங்குகிறார்கள். ரீல்ஸ் போட்டால் போதாதா என்கிறான் என் தம்பி மகன். ரீல்ஸும் போடட்டும், ஆனால் அது இரண்டு நாள் ஓடிவிட்டுக் காணாமல் போய்விடும், அடுத்த ஐப்பசியில் ஒருவர் கூகுளில் தேடும்போது வந்து நிற்பது கட்டுரைதான்.

இப்படி ஒவ்வொரு தொழிலிலும் கேள்வி கொட்டிக் கிடக்கிறது. பாலில் கருப்பட்டி போட்டால் திரிகிறதே என்பார்கள் (அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆறின பிறகு கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள்). பனையில் கட்டும் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறீர்கள் என்பார்கள், தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பங்குனியில் ஒரு விலை, ஐப்பசியில் ஒரு விலை என்ன நியாயம் என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய எழுதலாம். பதநீர் வருவது பங்குனியிலிருந்து ஆடி வரை, அதற்குள் காய்ச்சினதை வைத்துத்தான் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும், விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசை) புகைக்குள் உட்கார்ந்து பதம் பார்த்துக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும், விறகு வாங்க வேண்டும், ஏறுவதற்கு ஆளும் குறைந்துகொண்டே வருகிறது. இதை ஏஜென்சியில் உட்கார்ந்து எழுத முடியாது. எங்களுக்கோ தினமும் வாயில் வருகிற பேச்சுதான், எழுத வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்து வீட்டுப் பிள்ளைகளை டைப் அடிக்கச் சொன்னால் ஆயிற்று.

வாடிக்கையாளருக்குப் பயன்படுவதை எழுதித் தொழிலை வளர்ப்பது புது வித்தையும் இல்லை. நம் ஊர் வயல்களில் ஓடுகிற பச்சை டிராக்டர், அந்த ஜான் டீர் கம்பெனி 1895லிருந்து விவசாயிகளுக்காகப் பத்திரிகை போடுகிறது, அதில் விவசாயம்தான் விஷயம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான சங்கதி. உணவுப் பொருள் விற்கிற எங்களில் நிறையப் பேர் கட்டுரை என்ற பெயரில் வைத்தியம் எழுதுகிறோம். கருப்பட்டியைச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம், செக்கு எண்ணெய் மாரடைப்பைத் தடுக்கும், தேன் புற்றுநோயை விரட்டும், இன்னும் என்னவெல்லாமோ. கருப்பட்டியும் சர்க்கரைதான் ஐயா, அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் இருப்பதே. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2018 விதிமுறைகளும் சொல்கின்றன. அது கட்டுரைதானே, விளம்பரம் இல்லையே என்று தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் விளம்பரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தில் இணையதளமும் வருகிறது. பேக்கேஜ் கட்டுரைகளில் இந்த வைத்தியம் கட்டாயம் இருக்கும். அபராதம் வந்தால் கட்டுவது கடைக்காரர், ஏஜென்சிக்காரர் அப்போது போனை எடுப்பாரா என்பது சந்தேகம்தான்.

பகிர்வதிலும் கவனம் வேண்டும். முழுக் கட்டுரையையும் வாட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டி அனுப்பினால் நாலு கை மாறுவதற்குள் அடியில் இருக்கிற கடைப் பெயரும் நம்பரும் வெட்டப்பட்டு யாரோ ஒருவரின் கட்டுரையாகிவிடும். ஒரு பத்தி மட்டும் கொடுத்து மீதியைப் படிக்க நம் சொந்தத் தளத்தின் லிங்க் கொடுப்பதுதான் சரி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், அவர்களுக்கும் நம் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும். சம்பந்தமில்லாத குரூப்பில் எல்லாம் லிங்கைக் கொட்டுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. சமையல் குரூப்பில் ஒரு அக்கா, பால் திரிகிறதே என்று கேட்கும்போது அதற்கான பதிலை எழுதி, கீழே லிங்கைக் கொடுத்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். பருவச் சரக்கு விற்கிறவர்கள் பருவம் பிறக்கும் முன்பே, எங்களைப் போல என்றால் தை, மாசியிலேயே, எழுதிப் போட்டுவிட வேண்டும், கூகுள் கண்டுபிடித்து மேலே கொண்டுவர நாள் பிடிக்கும். இன்று எழுதி நாளை ஆர்டர் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஆகாது, அவர்கள் காசு கொடுத்து நேரடி விளம்பரமே செய்துகொள்ளலாம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். மாவட்டத் தொழில் மையங்களும், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் நடத்துகிற பயிற்சிகளில் ஒரு வகுப்பாவது தமிழில் எழுதுவதற்கு ஒதுக்கட்டும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரையும் அழைத்து எதை எழுதக் கூடாது என்று சொல்ல வைக்கட்டும். உங்கள் வணிகப் பக்கத்துக்கு ஒன்று: அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ஏஜென்சிக்காரர்களோடு நிறுத்தாமல், சொந்தமாக எழுதி விற்கிற ஒரு நெசவாளரிடமோ செக்குக்காரரிடமோ பேசிவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கருப்பட்டி வியாபாரி,
உடன்குடி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.