இணையத் தடை: புகார் எண் கட்டாயம் வாங்குங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நேற்று காலை முதல் நம் பகுதி முழுவதும் ஃபைபர் இணைப்பு இல்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டது. உள்ளே இருக்கும் இழைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும், அதனால் நேரம் பிடிக்கிறது. தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே கேபிள்காரர்களுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சிலேயே 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்த அவதியே இல்லை.

உங்கள் கோபம் நியாயமானது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவையோ "இன்னும் 4 மணி நேரம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டது. உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தால் மாற்று ஏற்பாடாவது செய்திருப்போம். எனக்கு அதுதான் மிகவும் வருத்தம்.

ஒவ்வொருவரும் இணைய நிறுவனத்திடம் தனித்தனியாகப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். 3 நாட்களுக்கு மேல் பழுது நீடித்தால் இணைய வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதி. அதைக் கேட்க அந்த எண் வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

தெருமுனையில் வேலை செய்யும் லைன்மேன் தம்பிகளிடம் தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். இரவு 2 மணி வரை குழிக்குள் நின்றவர்கள் அவர்கள். தண்ணீர், டீ கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள்.

ஆன்லைன் தேர்வு உள்ள பிள்ளைகள் என் வீட்டுக்கு வரலாம், மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுத் தருகிறேன்.