தொப்பூர் மேட்டில் கேட்ட சத்தம்

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு காலை

அன்பு கண்ணு,

நேற்று ராத்திரி எல்லாம் பேசி முடித்து போனை வைக்கப் போகும் நேரத்தில், "வண்டியில ஏதோ சத்தம் வருதுப்பா, பாட்டைக் கொஞ்சம் கூட்டி வெச்சா தெரியல" என்று சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் விடிந்ததும் காப்பி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீ "ஒரு சத்தம்" என்றாய். துருவிக் கேட்டதில் மூன்று வந்தன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக். ஏசி போட்டால் கீச். போன வாரம் இங்கிருந்து பெங்களூர் திரும்பும்போது தொப்பூர் மேட்டில் கிலுகிலு. நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில் எங்கள் பட்டறைப் பெரியவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்ப வருது?" எஞ்சின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா? ஆக்ஸிலேட்டரை மிதித்தாலா, விட்டாலா? நின்றிருக்கும்போதும் வருகிறதா, ஓடினால் மட்டுமா? நியூட்ரலில் நிறுத்தி ரேஸ் செய்து பார். அதோடு சேர்ந்து சத்தமும் ஏறினால் எஞ்சின் பக்கம் தேடலாம். வண்டி உருண்டால் மட்டும் வருகிறது என்றால் சக்கரத்து பேரிங்கையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். உன் மூன்றும் எஞ்சின் பக்கம்தான்.

காலை டிக் டிக்கிலிருந்து வருகிறேன். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் ஆயில் எல்லாம் வடிந்து கீழே சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே ஏற்றி வால்வுகளுக்குக் கொண்டுபோகச் சில நொடிகள் ஆகும். அதுவரை வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட் தட்டும். நீயும் சில நொடிதான் என்கிறாய், அப்படியானால் பயமில்லை. நிற்காமல் தட்டினால் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது டேப்பட் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். வால்வுகளை இயக்குகிற கேம்ஷாப்ட், எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றும்போது ஒரு வால்வு 400 தடவைதான் திறந்து மூடும். அதனால் ஒரு டேப்பட் மட்டும் தட்டினால் எஞ்சினின் வேகத்துக்குக் கொஞ்சம் நிதானமாகக் கேட்கும், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. உன் அம்மா மிஷின் மிதிப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நீ, உனக்குப் பிடிபடும்.

கீச் சத்தம் பெல்ட். ஏசி போட்டதும் பெல்ட்டுக்கு இழுவை கூடும், தளர்ந்திருந்தால் வழுக்கிக் கத்தும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் மேல் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தால் ஓரளவு தெரிந்துவிடும். சத்தம் கூடினால் தளர்ச்சி. சட்டென்று நின்று, மறுபடி வந்தால் பெல்ட் ஓடுகிற சக்கரம், புல்லி, கோணலாக இருக்கிறது. ஆனால் இதை நீ தனியாகச் செய்யாதே அம்மணி. துப்பட்டாவும் பின்னலும் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார். இருந்தால் இந்த வாரமே மாற்றிவிடு. பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதுவும் நின்று எஞ்சின் கொதித்துவிடும்.

தொப்பூரில் கேட்ட கிலுகிலுதான் என்னை யோசிக்க வைத்தது. தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்றாய். சரியாகச் சொன்னாய், அதற்குப் பெயர் நாக்கிங். பிளக் பற்றவைத்த நெருப்பு வந்து சேர்வதற்கு முன்னாலேயே, பெட்ரோல் கலந்த காற்று சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. மேட்டில் எந்த கியரில் ஏறினாய் என்று கேட்டேன். ஐந்து என்றாய். நாலு பேர், பெட்டி, அரிசி மூட்டை, ஏசி, அதோடு ஐந்தாவது கியர்! வண்டி திணறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தாதே. நாலுக்கு வா, போதாவிட்டால் மூன்றுக்கு வா. எஞ்சின் கொஞ்சம் உறுமும், உறுமட்டும். கியரைக் குறைத்தும் கிலுகிலு நிற்கவில்லை என்றால் உள்ளே கரி பிடித்திருக்கலாம், பிளக்கும் பார்க்க வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் போ.

இன்னொரு சத்தம் இருக்கிறது. அது உன் வண்டியில் இல்லை. ஆனாலும் அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

1996-ல், நீ கைக்குழந்தை. மைசூரில் கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் பண்ணாரியைத் தாண்டி திம்பம் மலையில் ஏறிக்கொண்டிருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் அடியிலிருந்து டொக், டொக் என்று கேட்டது. டேப்பட் மாதிரி மேலே கேட்கவில்லை. கனமாக, மரக்கட்டையில் சுத்தியல் விழுகிற மாதிரி, கால் வைத்திருக்கிற தகட்டில் வந்து மோதியது. எனக்குத் தெரியும் அது பிக் எண்ட் பேரிங் என்று, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் அடிப்பக்கத்து பேரிங். ஆயில் விளக்கும் வளைவுகளில் சிவப்பாக மின்னியது. நிறுத்தவில்லை. முகூர்த்தத்துக்குப் போக வேண்டியவர்கள், மேலே ஏறிவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்னும் ஆறு வளைவு ஓட்டியிருப்பேன். கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆயில் ரோடு முழுக்க ஓடியது. யானை நடமாடுகிற காட்டில், இருட்டில், அந்தக் குடும்பம் இரண்டு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. உன் வயசில் ஒரு குழந்தையும் இருந்தது. கடைசியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். எஞ்சினுக்காக உன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அதைக்கூட மீட்டுவிட்டோம். அந்தக் குழந்தை அழுதது மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படிக் கனமாக அடியிலிருந்து கேட்டாலோ, ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்து. அடுத்த பங்க் வரைக்கும் என்று ஓட்டாதே. ஆபீஸ் போகட்டும். எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்.

பெரியவர் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஒரு இடத்தில் புருவம் நெரியும். அங்கேதான் பேரிங் போயிருக்கும். எனக்கும் ஒரு தடவை பிடித்துக் காட்டினார். மணலை அம்மியில் வைத்து அரைக்கிற மாதிரி கரகரவென்று மண்டைக்குள்ளேயே கேட்டது. அந்தத் திருப்புளி இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. நீ வரும்போது உனக்கும் காட்டுகிறேன்.

இன்று சாயங்காலம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டைப் போனில் பதிவு செய். சூடானதும் இன்னொன்று, ஏசி போட்டு இன்னொன்று. மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பதிவு செய்யும்போது பாட்டை நிறுத்திவிடு கண்ணு, நீயும் பேசாதே. நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா